அரிக்கன் சட்டியும் அல்ப்ஸ் மலைப் பொன்னும்

(வானொலியில் நிகழ்த்திய உரை. நேயர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க அதன் எழுத்து வடிவம் இங்கே தரப்படுகிறது.)



போன மாதம் என்னுடைய பேரன் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், "அம்மப்பா, நாங்கள் நாப்ஃபுக்குப் பொன் அரிக்கப் போறம். அந்தப் பொன் எங்கேயிருந்து வந்தது எண்டு ரீச்சர் கேட்டவ. உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டான். எனக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்த்துப் போனது. இதே கேள்வியை, இதே லுசேர்னில், 2002 ஆம் ஆண்டு அவனுடைய தாய் என்னிடம் கேட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. நான் இரவு வேலை முடித்து வந்த களைப்பில், "மண்ணுக்குள்ள இருந்துதான் வந்திருக்கும், போய்ப் படி" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டாள். அது எனக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகுதான் நூலகத்துக்குப் போய், அகராதியும் கையுமாக இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தை அறிந்துகொண்டேன். இந்த முறை பேரனுக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

எங்களுக்கும் பொன்னுக்கும் உள்ள தொடர்பை நான் விளக்கத் தேவையில்லை. எங்களில் எத்தனை பேர் ஒரு தாயின் தாலிக்கொடியிலோ ஒரு சகோதரியின் சங்கிலியிலோ ஏறி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தோம்! நான் வந்தது 1986 இல். அம்மாவுக்குச் சீதனமாக வந்த ஒரு சோடிக் காப்பு, நாலு பவுண். அதைக் கன்னாதிட்டியில் கொண்டுபோய் விற்று வந்த காசுதான் என் பயணத்துக்கு முதற்காசு. பவுண் ஒன்றுக்கு 8 கிராம் என்றால், நாலு பவுண் 32 கிராம். இந்த 32 கிராமை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

பொன் எங்கேதான் இல்லை? நீங்கள் நடந்து வரும் தெருக்கல்லிலும் பொன் இருக்கிறது. ஆனால் எவ்வளவு? சாதாரணப் பாறையில் ஒரு தொன்னுக்கு ஒரு கிராமின் ஆயிரத்தில் ஒன்று முதல் நாலு பங்கு வரைதான். அம்மாவின் காப்புக்குரிய பொன்னைச் சேர்க்க வேண்டுமென்றால் குறைந்தது 8000 தொன் கல்லை மாவாக அரைக்க வேண்டும். சில பாறைகளில் 20,000 தொன் கூடப் போதாது.

கடல்நீரிலும் பொன் இருக்கிறது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் 10 கோடி தொன் நீருக்கு ஏறக்குறைய ஒரு கிராம். எங்களுடைய சூரிச் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 390 கோடி தொன் தண்ணீர் இருக்கிறது. அந்த ஏரி முழுவதும் கடல்நீராக இருந்து, அதிலுள்ள பொன்னை ஒரு துணிக்கை விடாமல் பிரித்தெடுத்தாலும் 39 கிராம்தான் தேறும். ஐந்து பவுண் கூட இல்லை.

இதை நம்பாமல் முயன்று பார்த்த ஒரு பெரிய மனிதரும் இருந்தார். பிரிட்ஸ் ஹாபர் என்ற ஜேர்மன் இரசாயன அறிஞர், 1918 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றவர். முதலாம் உலகப்போரில் தோற்ற ஜேர்மனி கட்டவேண்டியிருந்த நட்ட ஈட்டைக் கடலிலிருந்து பொன் எடுத்து அடைத்துவிடலாம் என்று எண்ணி, 1920களில் கப்பலேறிச் சமுத்திர நீரை அள்ளி அள்ளிச் சோதித்தார். கடைசியில் தாம் முதலில் நினைத்ததிலும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைவாகவே பொன் இருக்கிறது என்று கண்டு கைவிட்டார். அவர் 1934 இல் காலமானது எங்கள் பாசல் நகரில்தான்.

அப்படியானால் கேள்வி இதுதான். ஹாபரைப் போன்ற ஒருவரால் செய்ய முடியாத வேலையை இயற்கை எப்படிச் செய்கிறது? உலகமெங்கும் தூவிக் கிடக்கும் பொன்னை ஓரிடத்தில் யார் கூட்டிச் சேர்க்கிறார்கள்?

இதில் கடற்சேற்றுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடலோரம் நடந்தவர்களுக்கு அந்தக் கறுத்தச் சேறு நினைவிருக்கும். காலை வைத்தால் புதையும், கிண்டினால் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். அழுகிய பாசியும் இலைகுழையும் மீன் செதிலும் கலந்து, காற்றுப் படாமல் கிடக்கும் சேறு அது. ஒக்சிசன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள கந்தகச் சேர்வையை மாற்றி அந்த நாற்றத்தை உண்டாக்குகின்றன. அந்தக் கந்தகம் இரும்போடு சேர்ந்து பைரைற் என்ற கனிமமாகிறது. பொன்னைப் போலவே மினுங்கிப் பலரை ஏமாற்றும் கல் அது. ஆனால் அதற்குள் உண்மையான பொன்னும் கொஞ்சம் ஒளிந்திருக்கலாம். ஆறுகள் கொண்டுவந்த பொன்னும், கடலடி வெந்நீர் ஊற்றுகள் கக்கிய பொன்னும், இந்த அழுகற் பொருளிலும் பைரைற்றிலும் ஒட்டிக்கொள்கின்றன. கடல்நீரில் இருந்ததைவிட இலட்சக்கணக்கான மடங்கு கூடுதலாகச் சேற்றில் பொன் சேர்ந்துவிடுகிறது. இது முதலாவது படி. இந்தப் படியோடு நின்றுவிட்டால் யாருக்கும் பயனில்லை. ஒரு தொன் சேற்றில் இருப்பது இன்னமும் கிராமில் நூற்றில் சில பங்குக்கு மேல் பெரும்பாலும் வராது.

இரண்டாவது படி வேகவைத்தல். சேற்றின் மேல் சேறு படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது கல்லாகிறது. பிறகு கண்டங்கள் ஒன்றையொன்று இடிக்கும்போது அந்தக் கல் மடிந்து பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்துக்குப் போகிறது. அங்கே வெப்பம் சில நூறு பாகை. அந்தச் சூட்டில் பைரைற் வேறு கனிமமாக மாறுகிறது. மாறும்போது, தன்னிடமிருந்த கந்தகத்தில் ஒரு பகுதியையும் பொன்னையும் வெளியே விட்டுவிடுகிறது. களிமண் கனிமங்களுக்குள் பூட்டியிருந்த தண்ணீரும் வெளிவருகிறது. பொன் சாதாரணத் தண்ணீரில் கரையாது. ஆனால் கந்தகம் கலந்த இந்த வெந்நீரில், தேத்தண்ணியில் பனங்கட்டி கரைவதுபோல இல்லாவிட்டாலும், மிக மெல்லிய அளவில் கரைகிறது. கந்தகம்தான் பொன்னைக் கைபிடித்துக் கூட்டிச் செல்லும் வழித்துணை.

மூன்றாவது படி இறக்கி வைத்தல். அந்த வெந்நீர் பாறையின் வெடிப்புகளைத் தேடி மேலே ஏறுகிறது. பூமி ஒருமுறை அதிர்ந்து வெடிப்புத் திறந்தால், பிறசர் குக்கரின் மூடி விலகினாற்போல அழுத்தம் சட்டென்று குறைகிறது. அல்லது வழியில் இரும்புள்ள பாறையோ கரிய பாறையோ அந்தக் கந்தகத்தைப் பறித்துக்கொள்கிறது. துணை போய்விட்டால் பொன்னால் நீரில் நிற்க முடியாது. அங்கேயே படிந்துவிடும். கூடவே வெள்ளைக் குவாட்ஸ் கல்லும் படியும். அதனால்தான் பொன் பெரும்பாலும் வெள்ளைக் குவாட்ஸ் நாளங்களுக்குள் கிடைக்கிறது. நல்ல சுரங்கமொன்றில் ஒரு தொன் கல்லில் 5 கிராம் வரை இருக்கும். அதாவது சாதாரணப் பாறையிலும் ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதல். அம்மாவின் காப்புக்கு ஆறேழு தொன் கல் போதும், ஒரு லொறிச் சுமை.

1851 இல் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் பெண்டிகோ, பலராட் என்ற ஊர்களை நோக்கி உலகமே ஓடியதே, அந்தப் பொன் இருந்தது ஏறக்குறைய 48 கோடி ஆண்டுகள் பழைய கடற்சேறு கல்லாகி மடிந்த மடிப்புகளில். அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள காளின் என்ற இடத்திலும் பழைய கடலடிச் சுண்ணக்கல்லில்தான் பொன். ஆனால் அங்கே கண்ணால் ஒரு துணிக்கையும் தெரியாது. அவ்வளவு நுண்ணியதாகப் பைரைற்றுக்குள் கலந்திருக்கிறது. 1965 இல் அங்கே சுரங்கம் தொடங்கியது. சேற்றிலிருந்தே பொன் வந்தது என்ற இந்தக் கருத்தை 2011 இல் தாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொஸ் லாஜ் என்ற அறிஞரும் அவரது குழுவினரும் விரிவாக எழுதினார்கள். எல்லாப் புவியியலாளரும் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. எரிமலைப் பாறைகளிலிருந்தும் இன்னும் ஆழத்திலிருந்தும் பொன் வந்திருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. எங்கள் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிப் பாடுபட்ட கோலார் தங்கவயல், 2001 இல் மூடப்பட்டது, அப்படியான ஓரிடம். அதன் பாறைகள் ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு.

சரி, சுவிசுக்கு வருவோம். சூர் நகரில் வசிக்கும் நேயர்கள் சன்னலைத் திறந்தால் தெரியும் மலை கலண்டா. அதன் அடிவாரத்தில் பெல்ஸ்பேர்க் என்ற கிராமம். அங்கே மலைச்சரிவில் "பொற்சூரியன்" என்று பொருள்படும் பெயரோடு ஒரு பொற்சுரங்கம் இருந்தது. 1809 இல் தொடங்கி, இடையிடையே நின்று, 1861 இல் முற்றாகக் கைவிடப்பட்டது. அந்தப் பொன் இருந்த பாறை எது தெரியுமா? யூரா காலத்தில், ஏறக்குறைய 17 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த இடம் ஆழமில்லாத கடலாக இருந்தபோது படிந்த சேறும் சுண்ணாம்பும் மணலும். பிறகு ஆபிரிக்கப் பக்கத்து நிலம் ஐரோப்பாவை நெருக்கி அல்ப்ஸ் மலை எழுந்தபோது அந்தச் சேறு மடிந்து, வெந்து, வெடித்தது. வெடிப்புகளில் குவாட்சும் கல்சைற்றும் உறைந்தன. அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியும் பொன். அந்தப் பொன்னைக் கொண்டு 1813 இல் கிறவுபுண்டன் மாநிலம் 16 பிராங் பெறுமதியான பொற்காசு அடித்தது. மிகச் சொற்பமான காசுகள்தான். சுரங்கத்தில் போட்ட முதல் திரும்பி வரவில்லை. ஆனால் கடலடிச் சேறு ஒன்று மலையேறிப் பொற்காசான கதை இந்த நாட்டில் நடந்திருக்கிறது.

பேரன் போகப்போகும் நாப்ஃப் மலையின் கதை இதற்கு அடுத்த படி. அதுதான் நாலாவது படி. அதற்கு அரிக்கன் சட்டி வேண்டும்.

இளம் நேயர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் குசினியில் அரிசி அரிக்க ஒரு மண்சட்டி இருந்தது. உட்பக்கம் வரிவரியாக வரம்பு இருக்கும். அரிசியைப் போட்டுத் தண்ணீர் விட்டு வட்டமாக அசைத்து அசைத்து வார்த்தால், இலேசான அரிசி தண்ணீரோடு மற்றப் பாத்திரத்துக்குப் போகும். பாரமான கல்லும் மண்ணும் வரம்பில் தங்கிவிடும். அம்மா அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வா. ஒரு கல்லும் சோற்றில் கடிபடாது. நாப்ஃபில் பொன் அரிப்பவர்கள் பாவிக்கும் தட்டை நான் முதன்முதல் பார்த்தபோது, "அட, இது எங்கட அரிக்கன் சட்டியல்லவா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதே வரம்பு, அதே அசைவு. ஒரேயொரு வித்தியாசம். அம்மா போகவிட்டதை வைத்துக்கொண்டு தங்கியதை எறிந்தா. இவர்கள் போகவிட்டதை எறிந்து, தங்கியதை வைத்துக்கொள்கிறார்கள். பொன் தண்ணீரைவிட 19 மடங்கு பாரம். சாதாரண மணல் இரண்டரை மடங்குதான். ஆகவே பொன் எப்போதும் அடியில் தங்கும்.

ஆறும் கடலலையும் செய்வது இதே அரிப்புத்தான். அல்ப்ஸ் எழும்போதே மழையும் ஆறும் அதைக் கரைத்தன. குவாட்ஸ் நாளங்கள் உடைந்து, பொற்துணிக்கைகள் கூழாங்கற்களோடு வடக்கே அடித்து வரப்பட்டன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் அப்படிக் குவிந்த கல்லும் மணலும்தான் நாப்ஃப் மலை. இன்று லூத்தேர்ன், பொன்டான்னே போன்ற சிற்றாறுகள் அந்த மலையை மறுபடியும் அரித்துப் பொன்னை மறுபடியும் சேர்க்கின்றன. 1523 முதல் 1800 வரை லுசேர்ன் அரச கருவூலத்துக்கு இந்த ஆறுகளிலிருந்து சுமார் 30 கிலோ பொன் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏறக்குறைய 280 வருடத்தில் 30 கிலோ. ஏழைக் குடியானவர்கள் குளிர்நீரில் நின்று சேர்த்தது.

கடலலை அரிப்பதைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் புல்மோட்டைக் கரைக்குப் போகலாம். அங்கே கரை கறுப்பாக இருக்கும். அலை இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போக, பாரமான இல்மனைற் தங்கிவிட்டது. தென்னாபிரிக்காவின் விற்வோட்டர்ஸ்ராண்ட் என்ற இடத்தில் 280 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஆறுகளும் ஒரு பழைய கடற்கரையும் சேர்த்த கூழாங்கற் படைகளில் பொன் இருக்கிறது. 1886 இல் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதன் இதுவரை தோண்டியெடுத்த பொன்னில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஓரிடத்திலிருந்தே வந்தது என்றால் பாருங்கள்.

பேரன் இடைமறித்து ஒரு கேள்வி கேட்டான். "அப்ப, யாழ்ப்பாணத்தில பொன் இல்லையோ?" நல்ல கேள்வி. லுசேர்ன் பனியாற்றுப் பூங்காவுக்கு, கிளெற்சர்கார்ட்டனுக்கு, போனீர்கள் என்றால், சிப்பியும் பனையோலையும் பதிந்த கல்லைக் காணலாம். 2 கோடி ஆண்டுகளுக்கு முன் லுசேர்ன் வெப்பமான கடற்கரை. அங்கே பனையினம் வளர்ந்தது. புவியியலார் மயோசீன் என்று சொல்லும் அதே யுகத்தில்தான் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் கடலுக்கடியில் படிந்தது. ஆனால் எங்கள் சுண்ணக்கல்லை ஒருவரும் மடிக்கவில்லை, வேகவைக்கவில்லை. படிந்தபடியே கிடக்கிறது. அதனால் பொன் நாளம் இல்லை. ஆனால் அது மழைநீரைத் தனக்குள் வாங்கி வைத்திருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல் தந்தது. "அதுவும் பொன்தான்" என்று சொன்னேன். அவன் அதை அவ்வளவாக ஒப்புக்கொள்ளவில்லை.

இனி நான் தொடங்கிய கதைக்கு வருகிறேன். 2002 கோடையில், மகளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல, அவளைக் கூட்டிக்கொண்டு நாப்ஃபுக்குப் போனேன். இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நின்று அரித்தோம். கிடைத்தது ஏழு துணிக்கை. மிளகாய்ச் செதிலிலும் சிறியவை. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் விட்டு அதற்குள் போட்டோம். அடுத்த வருடம் ஏ9 பாதை திறந்திருந்த காலம். பதினேழு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். அம்மாவுக்குப் புதுக்காப்பு ஒரு சோடியும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதே நாலு பவுண். கடன் தீர்ந்தது என்று என் எண்ணம்.

அம்மா காப்பைக் கையில் எடுத்துப் பார்த்தா. "வடிவாய்த்தான் இருக்கு. பேத்திக்குக் குடு. எனக்கு இந்தக் கைக்கு நிக்காது" என்று திருப்பித் தந்துவிட்டா. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு குப்பியைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதென்ன?" என்றா. சொன்னேன். "இதுக்கே முழுநாளும் தண்ணிக்குள்ள நிண்டனீ? அரிக்கத் தெரியாமல் பாதியை ஆத்தோட விட்டிருப்பாய்" என்று சிரித்தா. குப்பியைக் கொண்டுபோய்ச் சாமி அறையில் வைத்தா. அதைத் திருப்பித் தரவில்லை.

அம்மா 2007 இல் காலமானா. என்னால் போக முடியவில்லை. தங்கச்சி கனகாலம் கழித்து ஒருவரிடம் கொடுத்தனுப்பிய சிறு பொதிக்குள் அந்தக் குப்பி இருந்தது. தண்ணீர் வற்றிப்போயிருந்தது. ஏழு துணிக்கையும் அப்படியே கிடந்தன. பொன் துருப்பிடிக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பேரன் அதைத் தன் வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்று கேட்டான். இரண்டு நாள் யோசித்தேன். தொலைந்தால்? உடைந்தால்? பிறகு நினைத்தேன், பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அது 17 கோடி வருடம் சேற்றுக்குள் கிடந்த மாதிரித்தான். கொடுத்துவிட்டேன். அது எங்கேயிருந்து வந்தது என்று ரீச்சர் கேட்டபோது, "கடலிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, அங்கேயிருந்து திரும்ப லுசேர்னுக்கு" என்று சொன்னானாம். குப்பி பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது.

நேயர்களே, பிள்ளைகள் கேள்வி கேட்டால் "போய்ப் படி" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். "வா, சேர்ந்து படிப்பம்" என்று சொல்லுங்கள். வசதிப்பட்டால் இந்தக் கோடை விடுமுறையில் நாப்ஃபுக்கோ கலண்டாப் பக்கமோ அவர்களைக் கூட்டிச் செல்லுங்கள். பொன் அரிக்க அந்தந்த இடத்தில் அனுமதி வேண்டுமா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் வழிகாட்டி இல்லாமல் இறங்க வேண்டாம். தட்டை எப்படி அசைப்பது என்று தெரியாவிட்டால், வீட்டில் இருக்கும் வயதான அம்மாவிடம் கேளுங்கள். அவவுக்குத் தெரியும்.